பிழைக்க வந்த ஊரில் படிக்கவும் வந்தேன்!

“வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, இதுல புத்தகம் வேற படிக்கணுமாக்கும்? நேரம் எங்கே இருக்கு?” - நம்மில் பலரும் அலுத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால், ஊர்விட்டு ஊர் வந்து, 45 வயதில் முதன்முதலாக ஒரு வேலையில் சேர்ந்த எனக்கு, அந்த ஊரையும் வேலையையும் பழக்கிக் கொடுத்ததே புத்தகம்தான் என்றால் நம்புவீர்களா சகோதரிகளே? என் அனுபவம் உங்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. 1999-ல் பி.காம்., முடித்தேன். மறு வருஷமே கல்யாணம். கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். மாமனார், மாமியாருக்குப் பணிவிடை, மகன், வீடு, ராத்திரியில் கடைக் கணக்கு என்று 22 வருஷம் ஓடியதே தெரியவில்லை. 2022-ல் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்ததே தெய்வாதீனம். ஆனால், இடது கையும் காலும் பழையபடி இயங்கவில்லை. வைத்தியச் செலவுக்குக் கடையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. “அங்கே தனியா என்ன பண்ணப் போறீங்க? இங்கே வந்திடுங்க, நாங்க இருக்கோம்” என்று தூத்துக்குடியில் இருக்கும் நாத்தனார் கூப்பிட்டார். 2023 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில், சாமான்களோடு வந்து இறங்கினோம்.

வாய்க்காலும் வயலுமாகப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வெயிலில் பளபளக்கிற உப்பளமும், வரிசையாகப் போகிற கன்டெய்னர் லாரியும் வேறு உலகமாக இருந்தது. காய்கறிக்காரம்மா “பைய எடுங்கக்கா” என்றால், பையில் எடுக்கச் சொல்கிறாரோ என்று முழிப்பேன். ‘பைய’ என்றால் மெதுவாக என்று அர்த்தமாம்! தொட்டுக்கொள்கிற கறி, கூட்டெல்லாம் இங்கே ‘வெஞ்சனம்’. தமிழ்நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், டில்லிக்கும் மும்பைக்கும் போகிற பெண்களை நினைத்துப் பார்த்தேன்.

ஓர் இடத்தில் வேலை கேட்டுப் போனபோது, “இந்த வயசுக்கு மேல கத்துக்கிட்டு எப்பம்மா வேலை பார்க்கப் போறீங்க?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் நாத்தனாரின் கணவர் சொல்லி, ஏற்றுமதி சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயாரித்துக் கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் இடம் கிடைத்தது. ‘ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டு வந்தால் நிரந்தரம்’ என்பது பேச்சு. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீட்டு வாடகை, மகனின் பிளஸ் 1 செலவு, கணவரின் மாத்திரை எல்லாம்!

வேலை என்னவென்று கேட்கிறீர்களா? முழுக்க முழுக்கப் படிப்பதுதான்! ஏற்றுமதி செய்பவர் கொடுக்கிற இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துக்குப் போகிற ஷிப்பிங் பில் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெட்டி எத்தனை, நிகர எடை எவ்வளவு, மொத்த எடை எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் எட்டு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. கன்டெய்னருக்கு நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். ஓர் இலக்கம் மாறினால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும். நிற்கிற ஒவ்வொரு நாளும் பணம்.

எல்லாம் ஆங்கிலம். எல்லாம் பொடி எழுத்து. 22 வருஷமாக மளிகை லிஸ்ட், கரண்ட் பில், மகனின் ரேங்க் கார்டு தவிர எதையும் முழுசாகப் படிக்க வாய்க்காதவள் நான். ஒரு பக்கத்தின் பாதிக்கு வருவதற்குள் மனசு அடுப்படிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விடும். திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலை விண் விண்ணென்று தெறிக்கும். படுக்கையில் செல்போனைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இத்தனைக்கும் நான் படிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் என்று ஒரு கிராமம். 1931-லேயே எஸ்.வி.கனகசபைப் பிள்ளை என்பவர் அங்கிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி, சுற்று வட்டார ஊர்களுக்கு அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர், நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். எங்கள் பாட்டி பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனாலும், 1950-லிருந்து 54 வரை ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது, வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, நூல் கோத்து, அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்தவர். வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். அந்தப் பைண்டிங்கில் மூன்று என்னிடம் இருந்தன. இரண்டு சித்தி வீட்டில். கல்யாணத்துக்கு முன்பு லெண்டிங் லைப்ரரி புத்தகத்தைச் சோற்றுத் தட்டோடு வைத்துப் படித்துத் திட்டு வாங்கியவள்தான் நானும்!

திருப்பம் வந்தது நாத்தனாரால். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையே கவனித்துக்கொண்டிருந்தவர், “நீ காகிதத்தை எட்ட வச்சு எட்ட வச்சுப் படிக்கிறே. முதல்ல கண்ணைக் காட்டிட்டு வா” என்றார். போனேன். வெள்ளெழுத்து! 40 வயதை ஒட்டி ஏறக்குறைய எல்லாருக்கும் வருவதுதான், படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போட்டால் போதும் என்றார் டாக்டர். கண்ணாடி போட்ட அன்று, பாட்டியின் பைண்டிங்கை எடுத்துப் புரட்டினேன். எழுத்தெல்லாம் அசையாமல் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. ‘இப்பல்லாம் எனக்குப் படிக்கவே பிடிக்கலை’ என்று சொல்கிற எத்தனை பெண்களுக்குக் கண்ணாடிதான் குறையோ, யார் கண்டது?

மறு வாரம் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் உறுப்பினரானேன். “என்ன மாதிரி புத்தகம் வேணும்மா?” என்று அங்கிருந்த பெண்மணி கேட்டார். “இந்த ஊரைப் பத்தி ஏதாவது கதை இருக்கா?” என்று கேட்டேன். அவர் எடுத்துக் கொடுத்தது ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’.

ராஜம் கிருஷ்ணன் 1925-ல் முசிறியில் பிறந்தவர். 15 வயதில் திருமணமானவர். குடும்பத்தில் இருந்துகொண்டே எழுத ஆரம்பித்து, 1973-ல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக சாகித்திய அகாதமி விருது பெற்றார். எந்த மக்களைப் பற்றி எழுதுகிறாரோ அந்த மக்களிடமே போய்ப் பழகி, பார்த்து, கேட்டு எழுதுவது அவர் வழக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கைதான் ‘கரிப்பு மணிகள்’. 1979-ல் வெளிவந்தது.

அதை நான் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். என் கணவரின் கை சரியாக, ரப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து விடுகிற பயிற்சி கொடுத்திருந்தார்கள். “ஒரே நாள்ல ரெண்டு மணி நேரம் செஞ்சுட்டு அடுத்த நாள் விட்டுடாதீங்க. 15 நிமிஷம் போதும், ஆனா தினமும் செய்யணும்” என்பது அந்தப் பிசியோதெரபி டாக்டரின் கண்டிப்பு. அவர் செய்யச் சலித்துக்கொள்வார். நான் படிக்கச் சோர்ந்துபோவேன். சரி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பந்தைப் பிடிக்க, நான் சத்தமாகப் படித்தேன். முதல் நாள் மூன்று பக்கம். தொண்டை வறண்டுவிட்டது. பத்து நாளைக்குள் எட்டு பக்கம். வாழ்நாளில் கதைப் புத்தகமே தொடாத மனுஷர், நான் மூடி வைத்தால் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்க ஆரம்பித்தார்! மருத்துவர் சொன்ன 15 நிமிஷம் அவர் கைக்கு மட்டுமல்ல, என் மனசுக்கும் வைத்தியமாக இருந்தது. இயங்காமல் கிடந்த இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இயங்கின.

அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இந்த ஊரே எனக்கு வேறாகத் தெரிந்தது. விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது, தலையில் துணி கட்டி, தூக்குவாளியோடு வண்டியில் போகிற பெண்களை அதுவரை வெறுமனே பார்த்திருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை வேலையை முடிக்கத்தான் அவ்வளவு சீக்கிரம் ஓடுகிறார்கள் என்று இப்போது தெரியும். உப்பு நீரில் நின்று நின்று காலில் புண், வெள்ளை உப்பில் பட்டு எதிரடிக்கிற வெயிலால் கண்ணுக்குக் கேடு. நாம் ஒரு பாக்கெட் உப்பை வாங்கி டப்பாவில் கொட்டிவிட்டுப் போகிறோம்! எங்கள் தெருமுனை அக்கா ஒருவரிடம் நானாகவே பேச்சுக் கொடுத்தேன். “அளத்துல வேலைன்னா சும்மாவா தங்கச்சி? மழை வந்துட்டா அதுவும் கிடையாது” என்றார். அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்கு ஒரு சிநேகிதி.

ஊரைப் பழக்கியது கதை. வேலையைப் பழக்கியதும் அதே படிப்புதான். அலுவலகத்தில் வருகிற காகிதத்தையும் கதை மாதிரி படிக்கப் பழகினேன். இது யாருடைய சரக்கு, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? ‘சென்னா’ என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டால், நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்குகிற நிலவாகை இலை! இந்தப் பக்கத்துக் கரிசல் காட்டில் விளைந்து வெளிநாட்டுக்குப் போகிறது. உலர வைத்த பூக்கள் கப்பலேறுகின்றன. இவ்வளவும் போகிற துறைமுகம் 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. 1906-ல் வெள்ளைக்காரனுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதர் அல்லவா! அவர் பெயர் அச்சிட்ட காகிதத்தைத் தினமும் தொடுகிறோம் என்று நினைத்தால், வேலை பாரமாகத் தெரியவில்லை.

பாட்டியின் விரலும் கைகொடுத்தது. ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை நகர்த்தி, உதடு அசையப் படித்தேன். அலுவலகத்தில் இருக்கிற சின்னப் பெண் முதலில் சிரித்தாள். “என்னக்கா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி?” நவம்பர் மாதத்தில் ஒரு நாள், பூ ஏற்றிய கன்டெய்னர் ஒன்றின் சீல் எண்ணில், இரண்டு காகிதங்களுக்கு இடையே இரண்டு இலக்கம் இடம் மாறி இருந்ததை என் விரல் பிடித்துவிட்டது. கன்டெய்னர் எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காகவே இருப்பது. தவறாக அடித்தால் கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துவிடும். சீல் எண்ணுக்கு அந்த வசதி கிடையாது, கண்தான் காவல். எங்கள் பெரிய கிளார்க் அண்ணாச்சி, 30 வருஷ அனுபவஸ்தர், அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, நீங்க படிக்கிறீங்க. மத்தவங்க பார்க்கிறாங்க” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

ஆறாவது மாதத்தில் பெரும் சோதனை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரால் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ., பெய்ததாகப் பத்திரிகைகளில் வந்ததே! எங்கள் வீடு கீழ்த்தளம். ராத்திரியில் தண்ணீர் வாசல்படி ஏறியது. அக்கம்பக்கத்துப் பையன்கள் என் கணவரை நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டில் சேர்த்தார்கள். மாத்திரைப் பையையும் சர்ட்டிபிகேட்டுகளையும் எடுத்துக்கொண்டு நானும் மகனும் ஏறினோம். விடிந்து எட்டிப் பார்த்தால், தெருவே ஆறு.

மாடி வீட்டில் நாங்கள் 14 பேர். மின்சாரம் இல்லை. செல்போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பால் இல்லை, செய்தி இல்லை. குழந்தைகள் பயந்து அழுதன. அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் பாட்டியின் முதல் பைண்டிங்கை மாடி வீட்டுப் பெண் போன வாரம்தான் படிக்க வாங்கிப் போயிருந்தாள்! மெழுகுவத்தி வெளிச்சத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிற அந்த முதல் அத்தியாயம்! சுற்றிலும் வெள்ளம், உள்ளே ஏரி. அழுத குழந்தைகள் அடங்கின. பெரியவர்களும் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான்கு நாள் மின்சாரம் வரவில்லை. நான்கு நாளும் படித்தேன். என் குரல் போனதும் என் மகன் வாங்கிப் படித்தான். பாடப் புத்தகம் தவிர வேறு எதையும் அவன் கையில் அதுவரை நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வடிந்து கீழே போனோம். அலமாரியின் அடித்தட்டில் இருந்த மற்ற இரண்டு பைண்டிங்குகளும் ஊறிப் போயிருந்தன. மொட்டை மாடியில் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தோம். ஒன்று தேறியது. இன்னொன்று போய்விட்டது. பாட்டி கோத்த நூல் மட்டும் கையோடு வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அளங்களில் குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் கரைந்து, தெருமுனை அக்கா வீட்டில் அடுப்பெரியவில்லை. அவர்களுக்கு முன்னால் என் நஷ்டம் ஒரு நஷ்டமா?

2024 ஜனவரியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். கணவரும் இப்போது இடது கையால் டம்ளர் பிடிக்கிறார். ஜோ டி குருஸ் எழுதிய ‘கொற்கை’ - 2013-ல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல், கடலோர மக்களின் கதை - இப்போது எங்கள் ராத்திரி வாசிப்பில் இருக்கிறது. தலையணை அளவுக்குப் பெரிசு! அவசரம் இல்லை. பைய படிக்கிறோம்.

என்னைப் போல ஊர் மாறி, வேலையும் புதிதாகி, படிப்பை எங்கோ தொலைத்துவிட்டு நிற்கிற சகோதரிகளுக்கு நான் கண்டுகொண்ட சில விஷயங்கள்:

* முதலில் கண்ணைக் காட்டுங்கள். நாற்பதைத் தாண்டியிருந்தால் நிச்சயம் காட்டுங்கள்.

* ‘எல்லாம் செட்டிலாகட்டும், அப்புறம் படிக்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். நமக்கு எப்போது எல்லாம் செட்டிலாகியிருக்கிறது? ஒரு நாளைக்கு 15 நிமிஷம் போதும். ஆனால், தினமும்.

* அந்த 15 நிமிஷத்தை ஏற்கெனவே இருக்கிற வேலை ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். நான் கணவரின் பயிற்சியோடு போட்டேன். குக்கர் விசில் வருகிற நேரமோ, பிள்ளை ட்யூஷன் முடிந்து வரக் காத்திருக்கிற நேரமோ, உங்களுக்கு எது தோதோ அது.

* போயிருக்கிற ஊரைப் பற்றிய கதையிலிருந்து ஆரம்பியுங்கள். ஊரும் பழகும், படிப்பும் பழகும்.

* கவனம் ஓடினால் சத்தமாகப் படியுங்கள், விரலை வைத்துப் படியுங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை.

* காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948-ல். நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். நம் காசில் நடக்கிற நூலகத்துக்கு நாம் போகாமல் இருக்கலாமா? வெளியே போக முடியாதவர்கள், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

வை.மு.கோதைநாயகி அம்மாள் சிறு வயதிலேயே கல்யாணமாகி, புகுந்த வீட்டில்தான் எழுதப் படிக்கக் கற்றார். அவர் தன் முதல் படைப்பைத் தோழியிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்தவர். பிறகு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையும் நடத்தினார். அவர் காலத்தில் இல்லாத எத்தனையோ வசதிகள் நமக்கு இருக்கின்றன.

இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்போது மணி ஒன்பதே கால். என் கணவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்கிறார். நான் வரட்டுமா சகோதரிகளே? நீங்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள், அந்த ஊரைச் சொல்கிற கதை எது என்று எழுதுங்களேன். அடுத்த முறை நூலகம் போகும்போது அதையே கேட்டு வாங்குகிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி.